மூக்கு நட்டு

நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். அந்தக் காலத்து லொறிகளுக்கு முன்பக்கம், நம்பர் தகட்டுக்குச் சற்று மேலே ஒரு ஓட்டை இருக்கும். குளிர்க் காலையில் எஞ்சின் எழும்பாது. வளைந்த இரும்புக் கம்பி ஒன்றை அந்த ஓட்டைக்குள் விட்டு, உள்ளே இருக்கும் நட்டின் பல்லில் மாட்டி, உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்துச் சுற்ற வேண்டும். அந்தக் கம்பிக்கு ஹேண்டில் என்று பெயர். அது மாட்டுகிற நட்டுக்கு என் அப்பா வைத்திருந்த பெயர் மூக்கு நட்டு. எஞ்சினுக்குள் சுற்றுகிற பெரிய தண்டை கிராங் என்பார்களே, அதன் நுனியில் இருப்பது. என் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்லத் தொடங்கினால் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் தலவாக்கலையிலிருந்து மேலே ஏற வேண்டிய தோட்டம். தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் கீழே, சரிவில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அங்கேதான் தோட்டத்து லொறி நிற்கும். அப்பாதான் அதன் டிரைவர். பழுதானால் பார்ப்பவரும் அவர்தான். அதனால் எங்களுக்கு மற்றவர்களைப்போல வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒற்றைக் காம்பரா இல்லை. ஸ்டோருக்குப் பக்கத்தில் இரண்டு அறையும் தனிக் குழாயும் உள்ள வீடு. அம்மா மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, யாரோடும் சண்டையில்லாமல் தன் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ராணி மாதிரி நிற்பாள்.

என் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. கொழுந்தெடுக்கப் பேர் பதியவும் வயது போதவில்லை. நான் சொல்லப்போவது அந்த இடைவெளியில் நடந்தது. ஒரு மழையில் தொடங்கி, அடுத்த மழைக்கு முன்னால் முடிந்துவிட்டது.

மத்தியானம் அப்பாவுக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுபோவேன். கொடுத்துவிட்டு வரமாட்டேன். ஷெட்டின் வாசம் எனக்குப் பிடிக்கும். பழைய எஞ்சின் எண்ணெய், மண்ணெண்ணெய், ஈரச் சாக்கு, இவை எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டோரிலிருந்து இறங்கி வரும் வறுபட்ட தேயிலை வாசம். முதலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அப்பா நம்பர் சொல்லமாட்டார். "பெரியவனக் குடு, நடுவுலவனக் குடு" என்பார். பிறகு அவர் கை நுழையாத இடத்தில் என் கை நுழைந்தது. காணாமல் விழுந்த வாஷரைத் தடவியே எடுத்தேன். கொஞ்சநாளில் அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, கழற்றுவதும் மாட்டுவதும் நான் என்றாகிவிட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஹேண்டில் திருப்பி உதைத்து அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. அந்த ஹேண்டில் உதைத்தால் எப்படி உதைக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எண்ணெய்க் கட்டுப் போட்டவர் எலும்பைக் கோணலாகச் சேர்த்துவிட்டார். ஸ்டியரிங் பிடிக்கலாம். கியர் போடலாம். இறுகிய நட்டைத் திருக அந்தக் கையில் பலம் இல்லை. இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். வேலை போனால் வீடும், அம்மாவின் குழாயும் போய்விடும். ஆகவே கை நன்றாக இருப்பதுபோல அப்பா நடந்துகொண்டார்.

அதற்காகத்தான் அத்தானைக் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தான் என் அத்தை மகன். அத்தையும் மாமாவும் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போனபிறகு பட்டிப்பொலப் பக்கம் யார் யார் வீட்டிலோ வளர்ந்தவர். எனக்கு நாலைந்து வயது மூத்தவர். மருமகன் தொழில் பழகட்டும், பிறகு இந்த ஷெட்டையும் என்னையும் சேர்த்து அவர் கையில் கொடுத்துவிடலாம் என்பது அப்பாவின் திட்டம்.

அத்தானுக்கு அந்தத் தொழில் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதுகூட இல்லை, பயம். எஞ்சின் உறுமினால் ஒரு அடி பின்னால் போவார். ஆனால் ஊசியைக் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். லொறியின் தார்ப்பாய் கிழிந்து தொங்கியதை, தையல் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டிய அளவுக்குத் தைத்துவைத்தார். ஸ்பேனர்களுக்கு அறை அறையாக ஒரு சாக்குப்பை தைத்தார். என் பாவாடையில் நெருப்புப் பட்ட ஓட்டைமேல் ஒரு இலை தைத்துக் கொடுத்தார். தலவாக்கலைக் கடைவீதித் தையல்காரர் அந்தத் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் நேராகவே கேட்டார்.

"இந்தத் தம்பிய எங்கிட்ட விடுங்களேன். கை நல்ல கை."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆம்பளப் புள்ள பொம்பளைங்க ரவிக்க தைக்கப் போறதா? போங்க வேலையப் பாத்துக்கிட்டு."

அன்றைக்குத் தோட்டத்துக்குத் திரும்பும்போது அத்தான் லொறியிலிருந்து கடைவீதியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளை விரலுறையை எடுத்துக் காட்டினார். தையல்காரர் கொடுத்ததாம். பிறகு அதை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதில் தண்ணீர் பிடித்துக் குடித்து விளையாடியிருக்கிறேன். எந்த வீடு மாறும்போது தொலைத்தேன் என்று தெரியவில்லை.

அந்த மழையில்தான் லொறியின் மூக்குப்பக்கம் ஒரு சத்தம் வரத்தொடங்கியது. டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. அப்பா ஒரு குச்சியின் ஒரு நுனியை எஞ்சினில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே ஓடும் செயின் தேய்ந்துவிட்டது என்றார். புதுச் செயின் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தது. அதைப் போட எஞ்சினின் முன்மூடியைத் திறக்க வேண்டும். மூடியைத் திறக்க பெல்ட் சக்கரத்தை எடுக்க வேண்டும். சக்கரத்தை எடுக்க மூக்கு நட்டைக் கழற்ற வேண்டும்.

அது கழலவில்லை.

ரேடியேட்டரை இறக்கிவைத்துவிட்டு, அத்தான் பெரிய ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இழுத்தார். நட்டோடு எஞ்சினே சேர்ந்து சுற்றியது. கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து இழுத்தார். லொறி முழுவதும் முன்னும் பின்னும் ஆடியதே தவிர நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். ஊதுவிளக்கால் சூடு காட்டினோம். யாரோ முன்னால் பழுது பார்த்தவன் சம்மட்டியால் அடித்து இறுக்கியிருக்கிறான் என்று அப்பா திட்டினார். குழாய் நழுவி அத்தானின் உதடு கிழிந்தது.

"ஸ்பேனர் புடிக்கிற கையாடா இது? தள்ளு!" என்று அப்பா தானே பிடித்து இழுத்தார். கோபத்தில் தன் கையை மறந்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. மணிக்கட்டைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டார். அத்தான் ஓடிப்போய் ஷெட் கதவைச் சாத்தினார். வெளியே யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். கறாரான மனிதர், தோட்டத்தை நடத்தும் துரைக்கு நேரே பதில் சொல்ல வேண்டியவர். மறுநாள் வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "திங்கக்கிழமைக்கிடையிலை லொறி ஓடவேணும். இல்லையெண்டால் துரை இதைக் கட்டி இழுத்து ஹட்டன் கராஜுக்கு அனுப்பிப்போடுவார். பிறகு இஞ்ச நீர் என்னத்துக்கு எண்டு கேப்பார். நான் என்ன மறுமொழி சொல்லுறது?" பிறகு ஷெட் மூலையில் விறகுக் குவியல் பக்கம் ஒதுங்கி நின்ற என்னைப் பார்த்தார். "இந்தப் பெட்டை ஏன் இஞ்ச நிக்குது? பெட்டைப் பிள்ளையள் ஷெட்டுக்குள்ளை வரக்கூடாது எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோர் ஓடவில்லை. மலை முழுக்க மூட்டம். அப்பா பெட்டிமேல் உட்கார்ந்து வெறும் பீடியைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது கோபமாக வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு ஆள் மாதிரித் தெரிந்தது. இழுத்தால் எஞ்சின் சுற்றுகிறது. எஞ்சின் சுற்றாமல் இருந்தால் கழலும். அப்படியானால், நாம் ஸ்பேனரை இழுக்காமல்...

"அப்பா, ஸ்பேனர நிப்பாட்டிட்டு எஞ்சின சுத்தவிட்டா என்ன?"

"எஞ்சின எவன் சுத்துறது? பேட்டரி செத்துக் கெடக்கு. ஹேண்டில் மாட்டுற எடத்துலதான் ஸ்பேனர் இருக்கு."

"லொறிய கியர்ல போட்டு எறக்கத்துல விட்டா தானா சுத்துமே. தள்ளி ஸ்டார்ட் பண்றப்ப சுத்துதுல்ல? ஸ்பேனர் போயி லொறியோட இரும்புச் சட்டத்துல முட்டி நின்னுக்கும். எஞ்சின் மட்டும் சுத்தும்."

அப்பா பீடியைத் துப்பிவிட்டு எழுந்தார். நட்டுக்கு நேரே நின்று காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டார். மறுபடி போட்டார்.

"கழல்ற பக்கந்தான் வரும்" என்றார். பிறகு என் தலையில் கைவைத்து, மெதுவாக, "கழல்ற பக்கந்தான் வரும் ஆத்தா" என்றார்.

ஷெட்டின் வாசல் இறக்கத்தைப் பார்த்துத்தான் இருந்தது. முன்சக்கரங்களுக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு அப்பா சொல்ல, அத்தான் இரண்டு பெரிய கருங்கற்களைப் புதைத்துவைத்தார். லொறி அந்தச் சாண் தூரம்தான் உருளும், பிறகு கல்லில் முட்டி நிற்கும். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஸ்பேனர் சட்டத்தில் போய் முட்டும்வரை அதை நட்டோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ரப்பர் டியூபால் கட்டிப் பார்த்தோம், வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஆகவே ஒரு ஆள் லொறிக்கு அடியில், முன்சக்கரங்களுக்கு நடுவில் மல்லாந்து படுத்து, கையை மேலே நீட்டிப் பிடிக்க வேண்டும்.

"நீ புடி" என்று அப்பா அத்தானிடம் சொன்னார். "கல்லு நிக்கும். பயப்படாத. நான் பிரேக்குலதான் இருப்பேன்." என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு உயரமான சீட்டில் ஏறிக்கொண்டார். தூக்கி நிறுத்தியிருந்த பானட் அவர் கண்ணை மறைத்தது.

அத்தான் அடியில் போய்ப் படுத்தார். நான் போகவில்லை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். அவர் பிடித்திருந்த ஸ்பேனர் நட்டின்மேல் கடகடவென்று தந்தியடித்தது.

"ரெடியாடா?" என்று மேலேயிருந்து அப்பா கேட்டார்.

அத்தான் ஊர்ந்து வெளியே வந்து, ஸ்பேனரை என் காலடியில் வைத்தார். "எனக்கு ஏலாது புள்ள" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "சத்தியமா ஏலாது."

நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் போயிருக்கமாட்டேன். அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தேன். முதுகில் சேற்றுத் தண்ணீர் சில்லென்று ஊறியது. ஒரு சொட்டு எண்ணெய் கன்னத்தில் விழுந்தது. இரண்டு கையாலும் ஸ்பேனரை நட்டோடு சேர்த்து அழுத்தினேன். அத்தானைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"ரெடி மாமா" என்று அத்தான் குரல் கொடுத்தார்.

ஹேண்ட் பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது. என் காதுக்குப் பக்கத்தில் டயர் சரளைக் கல்லை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. தலைக்கு மேலே அந்த இரும்பு மலை முழுவதும் நகர்வதுபோல இருந்தது. ஸ்பேனர் என் கையில் உயிர் வந்தாற்போல் சுற்றியது, போய்ச் சட்டத்தில் முட்டியது. கையை எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. ஏதோ முனகியது. பிறகு துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். சக்கரங்கள் கல்லில் மோதி நின்றன.

நான் விரலால் அந்த நட்டைத் தொட்டேன். சுற்றியது. வெறும் விரலுக்குச் சுற்றியது. அந்த இருட்டில் தனியாகச் சிரித்தேன்.

அதற்குள் மேலே படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். சத்தம் கேட்டு டீமேக்கர் தன் பங்களாவிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். நான் மறுபக்கம் உருண்டு, விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். அவர் கண்ணில் பட்டால் அப்பாவுக்குத்தான் வசவு.

"என்ன சத்தம் அது? எட, கழண்டிட்டுதே! ஆர் கழட்டினது?"

அப்பா சீட்டிலிருந்து குதித்து இறங்கி வந்தார். லொறிக்கு முன்னால் அத்தான் மட்டும் நின்றிருந்தார். ஸ்பேனர் தரையில் கிடந்தது.

"என் மருமகன்யா" என்றார் அப்பா. "உருள்ற லொறிக்கு அடியில படுத்துக்கிட்டு கையில புடிச்சான்யா. கொஞ்சங்கூடப் பயப்படல." தன் நல்ல கையை அத்தானின் தோளில் போட்டு அணைத்துக்கொண்டார்.

அப்பா பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். அத்தான் வாயைத் திறந்ததை நான் விறகு இடுக்கு வழியாகப் பார்த்தேன். தோளில் இருந்த கையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அந்தக் கை அதற்கு முன்னால் அவரை ஒருமுறைகூட அப்படித் தொட்டதில்லை. இப்போது நினைத்தால் அத்தான்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அம்மா என் தலையில் மண்ணெண்ணெய் நாற்றத்தைப் பிடித்துவிட்டாள். அடுப்படியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கன்னத்தில் ஒன்று விழுந்தது. "லொறிக்கு அடியில படுத்தியாடி? நசுங்கிப் போயிருந்தா?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

"நான்தானேம்மா..."

"நீதான். இல்லங்கல. நாளைக்கு நீ கட்டிக்கிட்டு வாழப்போறவன் அவன். அவன் பேரு நல்லா இருந்தா அது ஒனக்குந்தான். பயந்தாங்கொள்ளின்னு ஊரெல்லாம் சிரிச்சா ஒனக்கு நல்லா இருக்குமா?"

சாம்பலும் எலுமிச்சையும் போட்டு என் கைகளைத் தேய்த்தாள். நகத்துக்குள் இருந்த கறுப்பு போகும்வரை தேய்த்தாள்.

லொறி திங்கட்கிழமை ஓடியது. கதை அதைவிட வேகமாக ஓடியது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பேசினார்கள், ஸ்டோரில் பேசினார்கள், கடைசியில் துரையின் காதுக்குப் போயிற்று. டீமேக்கர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். அதற்கு முன்னால் அவர் வந்ததில்லை.

"துரைக்கு நல்ல சந்தோசம். இப்பிடிப் பயமில்லாத பொடியன் இஞ்ச சும்மா கிடக்கக்கூடாது எண்டு சொல்லுறார். கொழும்பிலை கம்பனியின்ரை வேர்க்சொப்புக்கு அனுப்பப் போறார். பழகிக்கொண்டு வந்தால் பொடியனுக்கு நிரந்தர வேலை."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் 'நான் சொன்னேனா இல்லையா' என்று இருந்தது.

அத்தான் குழாயடியில் என்னிடம் வந்தார். சாப்பிட்டு நாளானவர் மாதிரி இருந்தார். "புள்ள, மாமாகிட்ட சொல்லிரட்டுமா?"

"சொல்லுங்க அத்தான். இப்பவே சொல்லுங்க. நானும் கூட வர்றேன்."

இருவரும் திரும்பினோம். அப்பா கடைவீதியிலிருந்து வந்துகொண்டிருந்தார். தலையில் ஒரு தகரப் பெட்டி, புதுசு, நீல வண்ணத்தில் ரோஜாப்பூ வரைந்தது. கோணல் கையால் அதை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்தவர், "பாருடா மருமகனே, கொழும்புக்குப் போறவன் சாக்குல துணிய கட்டிக்கிட்டா போவான்?" என்று சிரித்தார். பெட்டிக்குள் புதுக் கால்சட்டை இருந்தது. அத்தான் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் அவர் முதுகை இடித்தேன். அவர் பெட்டியோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவர் அழுதார். பிரிவுக்கு அழுகிறார் என்று அப்பாவும் அம்மாவும் நினைத்தார்கள்.

கொழும்பில் நடந்ததைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். அவர் போவதற்கு முன்னாலேயே அவருடைய கதை அங்கே போய்விட்டது. அங்குள்ள தலைமை மேஸ்திரி, பெரிய பாஸ் என்பார்கள், அவருக்குச் சிங்களத்தில் வைத்த பெயர் 'பய நெத்தி கொல்லா'. பயமில்லாத பொடியன். எல்லோரும் அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆபத்தான வேலையெல்லாம் அவரிடம் வந்தது. ஒருநாள் சங்கிலியில் தொங்கிய எஞ்சினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். போல்ட் போடும் துளைக்கு நேரே அது உட்காரவில்லை. அடியில் கைவிட்டு யாராவது நகர்த்த வேண்டும். மற்றவர்கள் தயங்கினார்கள். பாஸ் சிரித்துக்கொண்டே "எங்க நம்ம பய நெத்தி கொல்லா?" என்று கேட்டார். எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாட்டேன்னு சொல்ல வாய் வந்துச்சு புள்ள" என்றார் அத்தான். "ஆனா எல்லாரும் பாத்தாங்க."

கையை அடியில் நுழைத்தார். சங்கிலி நழுவியது.

அப்பா போய் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தன. கட்டுப் பிரித்த அன்றைக்கு அம்மா அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். வெளியே வரவில்லை.

புண் ஆறியதும் அத்தான் தனியாகத் தலவாக்கலைக்குப் போய்வந்தார். தையல்காரர் கடைக்குப் போனாராம். அவர் இவருடைய கையைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாராம். அதைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அப்பா இன்னும் விடவில்லை. இடது கையால் பழகலாம் என்று மறுபடி ஷெட்டுக்கு அழைத்துப்போனார். லொறிக்கு அடியில் ஏதோ பார்க்கச் சொல்லியிருக்கிறார். அத்தான் கதவோரம் ஒதுங்கி நின்றுவிட்டார்.

"அன்னிக்கு உருள்ற லொறிக்கு அடியில படுத்தவனாடா நீ?" என்று அப்பா கத்தினார்.

"படுத்தது நானில்ல மாமா."

நான் வீட்டுக் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து முன்னால் நின்றார். மூச்சு இரைத்தது.

"நீயா?"

"ஆமாங்கப்பா."

அப்படியே குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார். தண்ணீர் அவர் காலில் ஓடியது. காலை எடுக்கவில்லை. "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அம்மாகிட்ட சொன்னேங்கப்பா."

வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவளை அவர் ஏறிட்டுப் பார்த்தார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? இப்போதாவது நல்லது நடக்கும் என்று தோன்றியது. உண்மை தெரிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று பன்னிரண்டு வயதில் நம்பலாம். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "டீமேக்கர் ஐயாகிட்ட சொல்லுங்கப்பா. அந்த நட்ட நான்தான் கழட்டினேன்னு சொல்லுங்க. நானே ஷெட்டுக்கு வர்றேன். எனக்கு எல்லா வேலையும் தெரியுமே."

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை வதைக்கிறது.

"என்னன்னு சொல்றது ஆத்தா? நீ பொட்டப்புள்ள. அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா அவன அனுப்பியிருக்க மாட்டேன். அவன் கை இருந்திருக்கும். அம்புட்டுத்தான். அதுக்காக ஒன்னையவா அனுப்பியிருப்பேன்?"

எழுந்து போனார். அதன்பிறகு என்னை ஷெட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கங்காணியிடம் பேசி, வயதைக் கூட்டிச் சொல்லி என் பேரைப் பதிந்தார்கள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டி, அடுத்த மழைக்கு முன்னாலேயே நான் மலை ஏறிவிட்டேன். நகத்தில் மறுபடி கறுப்பு ஏறியது. இது கொழுந்துக் கறை. இதை அம்மா தேய்க்கவில்லை.

பக்கத்தில் நானும் இல்லை, அத்தானும் இல்லை என்றானபிறகு அப்பாவால் எத்தனை நாளைக்குக் கையை மறைக்க முடியும்? ஹட்டனிலிருந்து புது டிரைவர் வந்தார். அப்பா புல்வெட்டும் கூட்டத்தோடு போனார். நாங்கள் லயத்துக்கு மாறினோம். அம்மா வரிசையில் நின்று, லயத்துக்கெல்லாம் பொதுவான பீலியில் தண்ணீர் பிடித்தாள். அப்பாவும் அவளும் அந்த நட்டைப் பற்றிப் பேசிக்கொண்டதை நான் கேட்டதில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசிக்கொண்டதாகவும் நினைவில்லை.

அத்தானுக்கு என்னைக் கொடுப்பது என்ற பேச்சை அப்பா ஒருமுறை எடுத்தார். "ரெண்டு வெரலக் கட்டிக்கிட்டு எம்புள்ள என்ன பண்ணும்?" என்று அம்மா கேட்டாள். எங்கள் லயத்துக் காம்பராவின் நடுவில் இருந்தது ஒரு சாக்குப் படுதாதான். அதற்கு அந்தப் பக்கம்தான் அத்தான் படுத்திருந்தார். விடிந்ததும் இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மரக்கறிப் பாத்திகளுக்குக் காவல் இருக்கும் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். ரோஜாப்பூப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதில் அம்மா வெகுகாலம் அரிசி போட்டுவைத்தாள்.

எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நல்லவர்தான். குறை சொல்ல எதுவும் இல்லை. முதல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருநாள் தலவாக்கலை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, பக்கத்தில் வந்து நின்ற ஆளை முதலில் அடையாளம் தெரியவில்லை. வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார்.

"நல்லா இருக்கியா புள்ள?"

"இருக்கேன் அத்தான். நீங்க?"

"இருக்கேன்."

பிள்ளையின் சட்டையைப் பிடித்து, தையலைப் புரட்டிப் பார்த்தார். "கோணலா அடிச்சிருக்கான்" என்றார். பிறகு பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் எப்பவும் ஒன்னு நெனப்பேன் புள்ள. அன்னிக்கு அந்த நட்டு கழலாமலே போயிருக்கலாம். இல்ல?"

அவர் சொன்னதில் தப்பில்லை. லொறியை ஹட்டனுக்கு இழுத்துப் போயிருப்பார்கள். அப்பாவின் வேலை போயிருக்கும். அது எப்படியும் போயிற்று. இவருக்கு விரல் இருந்திருக்கும். எந்தக் கடைத் திண்டிலாவது உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பார். 'ஆமா அத்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் அவர் கேட்டார். வேறு யாரிடமும் போய்க் கேட்கவும் அவருக்கு வழியில்லை.

எனக்கு வாய் வரவில்லை. முதுகில் சேறு ஊற, தலைக்கு மேலே அந்த நட்டு விட்டுக்கொடுத்த அந்த நொடி மாதிரி ஒன்று எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை. கல்யாணத்தில் இல்லை, இடுப்பில் இருந்த பிள்ளையைப் பெற்றபோதும் இல்லை. அது நடந்திருக்கவே கூடாது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்?

பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் புறப்படும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.